பூகம்பம் வந்தா நம்ம மேடும் கரையும் நிக்குமா? கடலூர், புதுச்சேரிக்காரங்க அடிக்கடி கேட்கும் கேள்விகள்

நான் கடலூர்ல மண் பரிசோதனை, அஸ்திவார டிசைன் வேலை பாக்குறவன். 2024 டிசம்பர் 1-ஆம் தேதி, ஃபெஞ்சல் புயல் மழையில திருவண்ணாமலைல மலையடிவாரத்து வீடு மேல பாறையும் மண்ணும் வந்து விழுந்து ஏழு பேர் போனதுக்கப்புறம் எனக்கு வர்ற போன்ல பாதி சரிவு பத்தித்தான். மழைக்கே இப்படின்னா பூகம்பம் வந்தா என்ன ஆகும்னு கேக்குறாங்க. ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா சொல்லி வாய் வலிக்குது, அதான் எல்லாத்தையும் இங்க ஒரே இடத்துல எழுதிட்டேன்.

கடலூர், பாண்டில மலையே கிடையாதே சார், இது நமக்கு எதுக்கு?

மலை இல்லதான், ஆனா சரிவு இருக்கே. மத்திய சிறை இருக்கிற கேப்பர் மலைய பாருங்க, பேருதான் மலை, செம்மண்ணும் மணற்பாறையும் சேர்ந்த மேடு, ஆனா அதோட ஓரத்துல வெட்டி வெட்டி வீடு கட்டிட்டே போறோம். பாண்டி பக்கம் கோரிமேடு, அந்தப் பக்கம் பொம்மையார்பாளையத்துல மழைத்தண்ணி அறுத்து வெச்ச செம்மண் பள்ளம், ஆள் உயரத்தை விட பெருசா செங்குத்தா நிக்கும், பசங்க போய் ஃபோட்டோ எடுத்துட்டு இருப்பாங்க. ஊருக்கு ஊர் கிராவல் எடுத்து விட்டுட்டுப் போன குழி. இது போக ஏரிக் கரைங்க, வீராணம், பெருமாள் ஏரி, வெலிங்டன், ஊசுடு, பாகூர். கரைன்றது மனுஷன் கட்டின சரிவு, ஒரு பக்கம் தண்ணி நிக்கிற சரிவு. பெண்ணையாறு, கெடிலம் ரெண்டுக்கும் ஆத்துக்கரை இருக்கு. நெய்வேலி சுரங்கத்தை நான் சொல்லவே வேணாம். இதையெல்லாம் விட்டாலும், நம்ம ஆளுங்க ஏற்காட்டுலயும் கொடைக்கானல்லயும் பிளாட் வாங்கிட்டு வந்து அப்புறமா தான் கேக்குறாங்க, "சார் அந்த இடம் சேஃபா?"ன்னு.

நம்ம ஊர்ல பூகம்பம் வருமா?

வந்திருக்கு. 2001 செப்டம்பர் 25, ராத்திரி எட்டரை மணி வாக்குல, பாண்டிக்கு கிழக்கால கடலுக்குள்ள 5.5 அளவுல ஒண்ணு வந்துச்சு. முப்பத்தஞ்சு வயசுக்கு மேல இருக்கிறவங்க வீட்ல கேட்டுப்பாருங்க, பாத்திரம் குலுங்கினது, தெருவுக்கு ஓடினது எல்லாம் ஞாபகம் வெச்சிருப்பாங்க, சென்னை வரைக்கும் ஆடுச்சு. அதுக்கு முன்னாடி 1900-ல கோயம்புத்தூர் பக்கம் 6 அளவுக்கு ஒண்ணு வந்திருக்கு.

கட்டடம் டிசைன் பண்ண நாங்க பாக்குற ஐஎஸ் 1893-ல (பூகம்பத்துக்கான இந்திய தர விதிப் புத்தகம்), 2016 பதிப்புப்படி, கடலூரும் புதுச்சேரியும் ரெண்டாம் பூகம்ப மண்டலம், சென்னை மூணாம் மண்டலம். ரெண்டாம் மண்டலத்துக்கு கொடுத்திருக்கிற எண் 0.10. அதாவது மோசமான ஆட்டத்துல தரை முடுக்கம் புவியீர்ப்பு முடுக்கத்துல பத்துல ஒரு பங்கு, சாதா டிசைனுக்கு அதுல பாதி, 0.05. கச், அசாம் மாதிரி அஞ்சாம் மண்டலத்துல இதே எண் 0.36. அதனால பயந்து ஊரைக் காலி பண்ற அளவுக்கு ஒண்ணும் இல்ல, ஆனா 0.05-ன்றது சைபர் இல்ல, ஏன்னு கீழ கணக்கு போட்டு காட்டுறேன்.

எத்தனை ரிக்டர்ல இருந்து சரிவு ஆரம்பிக்கும்?

டேவிட் கீஃபர்னு ஒரு அமெரிக்க ஆய்வாளர் 1984-ல உலகத்துல நடந்த 40 பூகம்பத்தை எடுத்து வெச்சு இதைத்தான் பாத்தாரு. ஏற்கனவே தொங்கிட்டு இருக்கிற கல்லு உருள்றதுக்கு 4 போதும். மண்ணு மொத்தமா வழுக்கி இறங்க 4.5 வாக்குல. மணல் குழம்பாகி பக்கவாட்டுல பரவ 5. பெரிய பாறைச் சரிவுக்கு 6. ஆனா இது அவர் பாத்ததுல ஆகக் குறைஞ்ச அளவு, 4.5 வந்தா சரியும்னு அர்த்தம் இல்ல, 4.5-க்கு கீழ பாக்கலன்னு தான் அர்த்தம். ரிக்டர் எண்ணை மட்டும் பிடிச்சுட்டு தொங்காதீங்க, உங்க இடத்துக்கும் அதுக்கும் எவ்வளவு தூரம், எத்தனை செகண்ட் ஆடுச்சு, கீழ மண்ணா பாறையா, இதெல்லாம் சேர்ந்துதான் முடிவு பண்ணும்.

பூகம்பம் ஒரு சரிவை அப்படி என்னதான் பண்ணுது?

சரிவுல இருக்கிற மண்ணை எப்பவுமே ஒரு விசை கீழ இழுத்துட்டே இருக்கு, அதோட எடைதான். அதை பிடிச்சு வெச்சிருக்கிறது மண்ணோட உராய்வும் ஒட்டும். பூகம்பம் வந்தா மொத்த மண்ணையும் முன்னாடி பின்னாடி ஆட்டும், மலையை விட்டு வெளிப்பக்கமா தள்ளுற அந்த அரை செகண்டுல இழுக்கிற விசை கூடுது, உராய்வு கொடுக்கிற அழுத்தம் கொறையுது, ரெண்டு பக்கமும் அடி.

ரெண்டாவது விஷயம், மண்ணு ஈரமா இருந்தா குலுக்கல்ல மணல் துகள் எல்லாம் நெருங்கப் பாக்கும், நடுவுல இருக்கிற தண்ணி வெளியேற நேரம் இருக்காது, அந்தத் தண்ணி அழுத்தம் ஏறி துகளை ஒண்ண விட்டு ஒண்ணு தூக்கிடும். மணல் அப்போ மணல் இல்ல, கஞ்சி. இதைத்தான் லிக்விஃபேக்‌ஷன்னு சொல்றோம். கடற்கரைல ஈர மணல்ல நின்னுட்டு காலை வேகமா தட்டிப்பாருங்க, தண்ணி மேல வரும், கால் இறங்கும், அதே கதை.

மூணாவதா, மேட்டோட உச்சியும் விளிம்பும் அடிவாரத்தை விட அதிகமா ஆடும். கேப்பர் மலை ஓரத்துல விளிம்பு ஒட்டி வீடு கட்டி "வியூ சூப்பரா இருக்கு சார்"னு சொல்றவங்களுக்கு நான் சொல்றது இதான், வியூவும் அதிகம், ஆட்டமும் அதிகம்.

ஃபேக்டர் ஆஃப் சேஃப்டின்னு ரிப்போர்ட்ல போட்டிருக்கே, அது என்ன?

பிடிக்கிற விசையை இழுக்கிற விசையால வகுத்தா வர்ற எண். 1-க்கு மேல இருந்தா நிக்கும், 1-ல நூல் முனையில நிக்குது, கீழ போனா நகரும். சாதாரண நாள்ல 1.5 இருக்கணும்னு எதிர்பாப்போம், பூகம்ப விசையும் சேர்த்துப் போட்டா 1-க்கு மேல கொஞ்சம் இருந்தா ஒத்துக்குவோம்.

ஒரு கணக்கு போடுறேன், பயப்படாதீங்க, பள்ளிக்கூட கணக்குதான். 25 டிகிரி சரிவு, உராய்வுக் கோணம் (ஒட்டு இல்லாத காஞ்ச மண்ணு சரியாம நிக்கக்கூடிய அதிகபட்ச சாய்வு) 34 டிகிரி உள்ள மணல் கலந்த மண், ஒட்டு எதுவும் இல்லைன்னு வெச்சுக்கோங்க. காஞ்சு கிடக்கும்போது டேன் 34-ஐ டேன் 25-ஆல வகுத்தா 1.45. 1.5-க்கு கிட்ட, நல்லா இருக்கு. இப்போ நம்ம ரெண்டாம் மண்டலத்து 0.05 ஆட்டத்தை பக்கவாட்டுல போடுங்க, 1.28. முழு 0.10 போட்டாலும் 1.14. சரியாது.

இதே சரிவுல ஐப்பசி கார்த்திகை மழையில மண் ஆழத்துல பாதி வரைக்கும் தண்ணி ஊறி நிக்குதுன்னு வெச்சுக்கோங்க. பூகம்பமே வேணாம், 1.45 அப்படியே 1.09-க்கு இறங்கிடும். அதுக்கு மேல அந்த துக்கடா 0.05-ஐ போட்டா 0.95. முடிஞ்சுது. முழுசா ஊறினா ஆட்டம் இல்லாமலே 0.7 வாக்குல, அதாவது பூகம்பம் வர்ற வரைக்கும் அது காத்திருக்கவே காத்திருக்காது.

காஞ்ச சரிவு கண்டுக்காத ஆட்டத்துல ஈர சரிவு விழுது, வித்தியாசம் ஆட்டத்துல இல்ல, தண்ணில. நான் ஒரு சைட்டுக்குப் போனா பூகம்ப எண்ணை கடைசிலதான் எடுப்பேன், முதல்ல தண்ணி எங்க இருந்து வருது எங்க போகுதுன்னுதான் பாப்பேன், மேல யார் வீட்டு செப்டிக் டேங்க் இருக்கு, வாழைக்கு எங்க தண்ணி பாய்ச்சுறாங்க, மழைத்தண்ணி பைப்பை எங்க விட்டிருக்காங்க, இதெல்லாம்.

பக்கவாட்டு விசை போடுறதுக்கு சூடோ ஸ்டேட்டிக்னு சொல்றாங்களே, அதை நம்பலாமா?

மேல நான் 0.05-ன்னு போட்டேன்ல, அதுதான் அது. நிஜ ஆட்டம் நொடிக்கு நொடி திசை மாறும், அதை ஒரே பக்கமா நிரந்தரமா தள்ளுற விசைன்னு வெச்சு கணக்கு போடுறோம். சுலபம், கால்குலேட்டர் போதும். ஆனா எவ்வளவு விசை போடணும்ன்றதுல தான் சண்டை. உச்ச முடுக்கத்தை முழுசா போட்டா ஊர்ல ஒரு சரிவும் பாஸ் ஆகாது, ஏன்னா உச்சம்ன்றது கண் இமைக்கிற நேரம்தான். அதனால பாதி போடுற வழக்கம் வந்துச்சு, 1984-ல அமெரிக்க ராணுவ இன்ஜினியர்கள் அணைகளுக்கு சொன்ன முறை, பாதி முடுக்கம் போடு, மண் வலுவை 20 சதவீதம் கொறச்சுக்கோ, அப்பவும் 1-க்கு மேல வந்தா நகர்ந்தாலும் ஒரு மீட்டருக்குள்ளதான் நகரும்னு.

முதல் வடிகட்டலுக்கு நம்பலாம். லிக்விஃபேக்‌ஷன் ஆகுற மண்ணுக்கு மட்டும் இதை தொடவே கூடாது, மண்ணோட வலுவே பாதி ஆட்டத்துல காணாம போயிடும், அப்புறம் எந்த எண்ணை வெச்சு வகுப்பீங்க.

எண் 1-க்கு கீழ போனா உடனே மொத்தமா விழுந்துடுமா?

இல்ல, இதுதான் எனக்கு ரொம்ப பிடிச்ச கேள்வி. கடலூர் துறைமுகத்துல படகுல இருந்து மீன் பெட்டி இறக்குறதை பாத்திருப்பீங்க. சாய்ச்சு போட்ட பலகை மேல ஐஸோட ஒரு பெட்டி இருக்கு, உராய்வுல அப்படியே நிக்குது. யாரோ பலகையை ஒரு உதை விடுறாங்க, பெட்டி ரெண்டு விரக்கடை சறுக்கி நின்னுடும். இன்னொரு உதை, இன்னும் ரெண்டு விரக்கடை. உதை நின்னா பெட்டியும் நின்னுடும். ஒவ்வொரு உதைக்கும் எவ்வளவு சறுக்குச்சுன்னு கூட்டினா மொத்த நகர்வு. பலகை தரையோட கிட்டத்தட்ட படுத்து இருந்தா பெரிய உதை வேணும், ஏற்கனவே செங்குத்தா சாஞ்சு இருந்தா தும்மினாலே நகரும்.

நேதன் நியூமார்க் 1965-ல சொன்னது இந்த யோசனையைத்தான், அணைக்கும் கரைக்கும் எவ்வளவு விசை வருதுன்னு கேக்காத, எவ்வளவு தூரம் நகரும்னு கேளுன்னாரு. பெட்டி எந்த முடுக்கத்துல முதல்முறையா அசையுதோ அதுக்கு பேரு கிரிட்டிகல் முடுக்கம், கணக்கு ரொம்ப சின்னது: ஃபேக்டர்ல இருந்து 1-ஐ கழிச்சு சரிவுக் கோணத்தோட சைன் மதிப்பால பெருக்கணும். நம்ம காஞ்ச சரிவுக்கு 0.45 பெருக்கல் 0.42, அதாவது 0.19. நம்ம மண்டலத்து உச்சமே 0.10, பெட்டி அசையவே அசையாது. பாதி ஊறின சரிவுக்கு கிட்டத்தட்ட 0.04. ஆட்டத்துல எத்தனை துடிப்பு 0.04-ஐ தாண்டுதோ அத்தனை தடவை நகரும்.

மொத்த நகர்வு 15 செ.மீ.க்குள்ள இருந்தா பெரும்பாலும் பெருசா ஓடாதுன்னு கலிஃபோர்னியால எடுத்துக்குறாங்க, 15-க்கு மேல ஒரு மீட்டர் வரைக்கும் யோசிக்க வேண்டிய இடம், மீட்டர் தாண்டினா சேதம் உறுதி. இதை அப்படியே நம்ம ஊருக்கு எடுத்துக்காதீங்க, பாறை மாதிரி இறுகின மண்ணு அஞ்சு செ.மீ. நகர்ந்தாலே விரிசல் விட்டு வலுவை இழந்துடும், அதுல ஒரு வீட்டுச் சுவர் நின்னா அஞ்சு செ.மீ.யே அதிகம்.

எங்க பின்பக்க செம்மண் வெட்டு பத்து வருஷமா செங்குத்தா நிக்குதே, அப்புறம் என்ன பயம்?

அண்ணே, இதே வசனத்தை நான் மாசத்துக்கு ரெண்டு தடவ கேக்குறேன். நம்ம ஊர் செம்மண்ணுக்கு கீழ இருக்கிறது கடலூர் மணற்பாறை, புவியியல் புத்தகத்துலயே நம்ம ஊர் பேர்ல இருக்கு, திருவக்கரைல கல்லா மாறின மரம் கிடக்கே, அதுவும் இந்த படிவத்துலதான். மணல், களி, கூழாங்கல் எல்லாம் இரும்பு கறையில லேசா ஒட்டிக்கிட்டு இருக்கும். காய்ஞ்சு இருக்கும்போது துகளுக்கு நடுவுல இருக்கிற துளி ஈரமும் இழுத்துப் பிடிக்கும், கடற்கரைல பசங்க ஈர மணல்ல கோபுரம் கட்டுறாங்களே, அந்த பிடிப்பு. மண்ணு முழுசா நனைஞ்சா அந்த பிடிப்பு அப்படியே போயிடும். கோபுரத்து மேல ஒரு வாளி தண்ணி ஊத்தினா என்ன ஆகும்? பத்து வருஷம் நின்னது பதினோராவது வருஷத்து மழையில நிக்கும்னு எந்த உத்தரவாதமும் இல்ல. 2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் கரையை கடந்தப்போ பாண்டில ஒரே நாள்ல 45 செ.மீ.க்கு மேல கொட்டுச்சு, அந்த மாதிரி நாளுக்கு அடுத்த வாரம் ஒரு சின்ன ஆட்டம் வந்தா என்னன்னுதான் நான் யோசிப்பேன்.

என் சொந்த வீட்டுக் கதையும் ஒண்ணு சொல்லிடுறேன். எங்க அப்பா மேட்டோரமா இடம் வாங்கி பின்னாடி தாங்குசுவர் கட்டினாரு, அப்போ நான் காலேஜ்ல சிவில் படிச்சுட்டு இருந்தேன், மேஸ்திரிகிட்ட வீப் ஹோல் (பின்னாடி சேர்ற தண்ணி வெளியேற சுவத்துல விடுற ஓட்டை) விடுங்கன்னு சொன்னேன், சுவத்துல ஓட்டை போட்டா சுவர் வீக் ஆயிடும் தம்பின்னாரு, அப்பாவும் அவர் பக்கம்தான். ரெண்டாவது மழையில சுவருக்குப் பின்னாடி தண்ணி சேர்ந்து சுவர் வயிறு தள்ளிட்டு நின்னுச்சு. அப்புறம் இடிச்சு, பின்னாடி ஜல்லி போட்டு, ஓட்டை விட்டு கட்டினோம். இன்னிக்கு வரைக்கும் அசையல. அந்த சுவருக்கு நான் பூகம்ப கணக்கு போட்டுப் பாத்தேன், ஓட்டை இருந்தா பாஸ், ஓட்டை அடைச்சா பூகம்பமே இல்லாம ஃபெயில்.

ஏரிக் கரை உடையுமா? நாங்க வீராணத்துக்கு கீழ இருக்கோம்.

கரை கதைக்கு குஜராத்தை பாக்கணும். 2001 ஜனவரி 26 பூஜ் பூகம்பம், 7.7. கச் பக்கம் நிறைய மண் அணைங்க சேதம், சாங் அணை கிட்டத்தட்ட மொத்தமா உக்காந்துடுச்சு, தாபர், ஃபதேகட் எல்லாம் விரிசல் விட்டு இறங்கிடுச்சு. பல இடத்துல கரையோட மண்ணு குற்றவாளி இல்ல, கரைக்கு அடியில இருந்த தளர்வான ஈர மணல் குழம்பாகி, தண்ணி பக்கத்து சரிவு காலை விட்டுடுச்சு. அந்த வருஷம் மழை கம்மி, அணைங்கள்ல தண்ணி கீழ கிடந்துச்சு, அதனால ஊருக்குள்ள வெள்ளம் வரல. நிரம்பி இருந்தா கதையே வேற.

அதுக்கு முன்னாடி 1971 பிப்ரவரில லாஸ் ஏஞ்சலஸ் பக்கம் லோயர் சான் ஃபெர்னாண்டோ அணை, 6.6 பூகம்பத்துல உள்பக்க சரிவு உச்சியோட சேர்த்து தண்ணிக்குள்ள வழுக்கி போச்சு, மிச்சம் நின்னது ஒண்ணரை மீட்டர் உயரம், அதுவும் விரிசல் விட்ட மண்ணு. கீழ இருந்த 80,000 பேரை வெளியேத்தினாங்க. பெரும்பாலான சரிவு நடந்தது ஆட்டம் நின்னதுக்கப்புறம்தான்னு பின்னாடி தெரிஞ்சுது, அதை நல்லா மனசுல வைங்க, ஆட்டம் நின்னா கண்டம் முடிஞ்சுதுன்னு இல்ல.

நம்ம கரைங்க விஷயத்துல மண்டலம் சின்னது, கச் அளவுக்கு பயம் இல்ல. ஆனா சோழர் காலத்து கரைக்கு யாரும் அன்னிக்கு ரோலர் போட்டு இறுக்கல, ஒவ்வொரு தலைமுறையும் மேல மண்ணைக் கொட்டி உசத்தியிருக்காங்க, உள்ள என்ன அடுக்கு இருக்குன்னு போர் போட்டாத்தான் தெரியும். கண்ணால பாக்க வேண்டியது: வெளிப்பக்க அடியில கசிவு இருக்கா, கசியுற தண்ணி தெளிவா இருக்கா கலங்கலா இருக்கா, கலங்கல்னா உள்ள இருந்து மண்ணு வருதுன்னு அர்த்தம், உடனே நீர்வளத்துறை ஆளுங்களுக்கு சொல்லணும். கரை உச்சியில நீளவாட்டு விரிசல், எலி வளை, கரையில வளந்த பெரிய மரத்தோட செத்த வேர், மதகு ஒட்டின இடம், இங்கதான் எப்பவும் ஆரம்பிக்கும்.

சமதளத்துல சரிவு வருமா? எங்க இடம் தட்டையா தான் இருக்கு.

இந்தோனேசியா பாலு நகரம், 2018 செப்டம்பர் 28, 7.5. பெட்டோபோ, பலாரோவான்னு ரெண்டு குடியிருப்பு, நிலம் ஒண்ணுல இருந்து அஞ்சு டிகிரிக்குள்ள சாய்வு, சைக்கிள் ஓட்டினா தெரியாத சாய்வு. பூகம்பத்துல வீடு, மரம், ரோடு எல்லாத்தையும் தூக்கிட்டு நிலம் நூத்துக்கணக்கான மீட்டர் ஓடுச்சு. பெட்டோபோ பக்கம் மேல வாய்க்கால் போட்டு நெல்லுக்கு வருஷம் பூரா தண்ணி விட்டதுல நிலத்தடி நீர் மேலயே நின்னது பெரிய காரணம்னு அப்புறம் ஆய்வு பண்ணவங்க சொன்னாங்க.

டெல்டா ஓரத்துல, வாய்க்கால் பாசனத்துல வளந்த நமக்கு அந்த காட்சி ஒண்ணும் புதுசு இல்ல. ஆத்து முகத்துவாரம், உப்பனாறு ஓரம், மூடின குட்டைன்னு தளர்வான மணலும் மேல நிக்கிற தண்ணியும் இருக்கிற இடத்துல பெரிய கட்டடம் போடுறவங்க எஸ்பிடி எண் (போர் குழியில சம்மட்டியால அடிச்சு மண்ணு எவ்வளவு இறுகலா இருக்குன்னு பாக்குற சோதனை) எடுத்து லிக்விஃபேக்‌ஷன் செக் பண்ணணும். நம்ம மண்டலத்துல அந்த செக் பெரும்பாலும் பாஸ் ஆகும், ஆனா பண்ணாம "பாஸ்"னு எழுதுற ரிப்போர்ட்டை நான் பாத்திருக்கேன், அது வேற விஷயம்.

நெய்வேலி சுரங்கம் அவ்வளவு ஆழம், பூகம்பத்துல என்ன ஆகும்?

சுரங்க சரிவு தினமும் வெட்டிட்டே இருக்கிற சரிவு, ஒரே சாய்வா வெட்ட மாட்டாங்க, படிப்படியா பெஞ்ச் விட்டுத்தான் இறங்குவாங்க, ஒரு படி விழுந்தாலும் அடுத்த படி தாங்கட்டும்னு. அங்க பெரிய தலைவலி பழுப்பு நிலக்கரிக்கு அடியில அழுத்தத்தோட இருக்கிற ஊத்துத் தண்ணி, அதை ராத்திரி பகலா பம்ப் பண்ணி அழுத்தத்தை இறக்கினாத்தான் சுரங்கத் தரையே நிக்கும். அப்போ பூகம்பத்துல முதல் கேள்வி சரிவு இல்ல, கரண்ட் போனா பம்ப் ஓடுமான்றது. இன்னொண்ணு மேல்மண் கொட்டின குவியல், கொட்டின மண்ணு இறுகாது, களி மேல ஈரத்துல கொட்டியிருந்தா அடியில வழுக்கும். குவியல் அடிவாரத்துல குடிசை போடாதீங்க, பூகம்பத்துக்காக மட்டும் சொல்லல.

வெடி வெச்சா வீடு அதிருதே, அதுவும் பூகம்பம் மாதிரிதானேன்னு அந்தப் பக்கத்து அக்கா ஒருத்தங்க கேட்டாங்க. வெடி அதிர்வு வேகமா துடிச்சு கண் மூடி திறக்குறதுக்குள்ள முடிஞ்சுடும், பூகம்பம் மெதுவா பெருசா பல செகண்ட் ஆட்டும். சுவர் பூச்சு விரிசலுக்கு வெடி காரணமா இருக்கலாம், பெரிய சரிவு இறங்க அந்த நீளமான ஆட்டம்தான் வேணும்.

கடலுக்குள்ள சரிஞ்சா சுனாமி வருமாமே?

வரும். 1998 ஜூலைல பப்புவா நியூ கினில 7.0 பூகம்பம், அந்த அளவுக்கு அவ்வளவு பெரிய அலை வரக்கூடாது, ஆனா கடலடி மண் சரிஞ்சு 15 மீட்டர் வரைக்கும் அலை எழும்பி ரெண்டாயிரம் பேருக்கு மேல செத்தாங்க. 1929-ல கனடா பக்கம் கிராண்ட் பேங்க்ஸ்ல கடலடி சரிவு தந்திக் கம்பிகளை ஒண்ணு ஒண்ணா அறுத்துட்டே போச்சு, அதுலயும் சுனாமி.

ஆனா 2004 டிசம்பர் 26-ல தேவனாம்பட்டினம், சிங்காரத்தோப்பு எல்லாம் அடிச்சுட்டுப் போனது சரிவால வந்தது இல்ல, சுமத்ரா பக்கம் கடல் தரையே தூக்கி எறிஞ்சது. ரெண்டையும் குழப்பிக்காதீங்க. நமக்கு நடைமுறைல வித்தியாசம் ஒண்ணுதான்: சுமத்ரா மாதிரின்னா ரெண்டு மணி நேரத்துக்கு மேல டைம் இருக்கு, எச்சரிக்கை வரும், பக்கத்துலயே கடலடி சரிவுன்னா சைரனுக்குக் கூட நேரம் இருக்காது, கரையில நிக்கும்போது தரை பலமா ஆடினா யாரையும் கேக்காம உள்ள நடந்துடணும்.

பூகம்பத்துல விழாத மலை அப்புறம் சேஃப்தானே?

இல்லவே இல்ல. சீனா வென்சுவான், 2008 மே 12, 7.9. ஆயிரக்கணக்குல சரிவு, ஆத்தை அடைச்சு ஏரியே உண்டாச்சு. விழாம நின்ன மலைங்க உள்ள விரிசல் விட்டு, விழுந்த மண்ணு ஓடையில குவிஞ்சு கிடந்துச்சு, ரெண்டு வருஷம் கழிச்சு 2010 ஆகஸ்ட் மழையில அதெல்லாம் சேறா உருண்டு வந்து திரும்ப ஊரை மூடுச்சு. பூகம்பம் விரிசல் போடும், மழை வந்து வசூல் பண்ணும். வரிசை மாறியும் நடக்கும்: ஜப்பான் ஹொக்கைடோல 2018 செப்டம்பர் 6, வெறும் 6.6தான், ஈரத்தைப் பிடிச்சு வெச்சிருந்த பழைய எரிமலை படிவம் மேல நின்ன மலைச்சரிவுங்க ஆயிரக்கணக்குல ஒரே ராத்திரில தோல் உரிஞ்ச மாதிரி இறங்கிடுச்சு.

கொடைக்கானல், ஊட்டில இடம் வாங்கப் போறேன், என்ன பாக்கணும்?

முதல்ல இந்திய புவியியல் ஆய்வு நிறுவனத்தோட பூகோஷ் தளத்துல நிலச்சரிவு வாய்ப்பு வரைபடம் இலவசமா இருக்கு, உயர்வு, நடுத்தரம், குறைவுன்னு நிறம் போட்டிருக்கும், உங்க இடம் எந்த நிறம்னு பாருங்க. அந்த வரைபடம் ஒரு பகுதிக்கு பேசும், உங்க அஞ்சு சென்ட்டுக்கு பேசாது, பச்சை நிறத்துல இருக்குன்னு அட்வான்ஸ் கொடுத்துட்டு வராதீங்க. நீலகிரில 2009 நவம்பர்ல நாப்பது பேருக்கு மேல செத்த சரிவு மழையாலதான், பூகம்பம் இல்ல.

அப்புறம் மழைக்காலத்துல போய் பாருங்க, புரோக்கர் கோடைலதான் கூட்டிட்டுப் போவாரு. மரமெல்லாம் அடியில வளைஞ்சு மேல நேரா நிக்குதா, மண்ணு மெதுவா நகருது. கரண்ட் கம்பம் சாஞ்சிருக்கா. சரிவு நடுவுல திடீர்னு ஒரு தட்டையான இடம், அதுல ஈரம், கோரைப்புல்லு, புரோக்கர் அதைத்தான் "லெவல் பிளாட்"னு விலை ஏத்தி சொல்வாரு, அது பழைய சரிவோட தலையா இருக்கலாம். பக்கத்து டீக்கடைல பெரியவர் யாராவது இருந்தா "இங்க முன்னாடி மண்ணு எறங்கியிருக்கா?"ன்னு கேளுங்க, சாஃப்ட்வேர் சொல்லாததை அவர் சொல்வாரு.

இன்ஜினியர் கலர் கலரா சாஃப்ட்வேர் படம் கொடுத்தாரு, 1.62-ன்னு போட்டிருக்கு. போதுமா?

ரெண்டு தசமம் பாத்து மயங்காதீங்க. மூணு கேள்வி கேளுங்க. மண்ணோட ஒட்டும் உராய்வும் உங்க இடத்து சாம்பிள்ல ஷியர் டெஸ்ட் (மண்ணை பக்கவாட்டுல தள்ளி வழுக்க வெச்சு வலுவை அளக்குற சோதனை) பண்ணதா, இல்ல டேபிள்ல இருந்து எடுத்ததா? சாம்பிளை நனைச்சு டெஸ்ட் பண்ணாங்களா, காய்ஞ்ச செம்மண்ணோட ஒட்டை அப்படியே போட்டா 1.62 என்ன, 2.5 கூட வரும். நிலத்தடி நீர் மட்டத்தை எங்க வெச்சாங்க, ஏப்ரல்ல போர் போட்டு "தண்ணி இல்லை"ன்னு எழுதியிருந்தா அந்த எண் ஏப்ரலுக்கு மட்டும்தான்.

பதில் சொல்ல கோவப்பட்டா ஆளை மாத்துங்க.

ஆட்டம் வந்து நின்னுடுச்சு, வீட்டுக்குப் பின்னாடி மேட்டுல விரிசல் தெரியுது. இப்போ என்ன பண்றது?

மேட்டுக்கு கீழ இருக்கிற ரூம்ல அன்னிக்கு ராத்திரி படுக்காதீங்க, பெரியவங்களையும் குழந்தைங்களையும் முன்பக்கம் மாத்துங்க, முடிஞ்சா சொந்தக்காரங்க வீட்டுக்கு அனுப்பிடுங்க. அடுத்தடுத்து சின்ன ஆட்டம் வரும். விரிசலுக்குள்ள மழைத்தண்ணி இறங்காம தார்ப்பாய் போட்டு மூடுங்க, மேல இருந்து வர்ற தண்ணியை ஒரு சின்ன கால்வாய் வெட்டி பக்கத்துல திருப்பி விடுங்க, சிமெண்ட் பால் ஊத்தி விரிசலை அடைக்கிற வேலை வேணாம், நகருதா இல்லையான்னே அப்புறம் தெரியாது.

நகருதான்னு பாக்க விரிசலுக்கு ரெண்டு பக்கமும் ஒவ்வொரு ஆப்பு அடிச்சு, மேல ஆணி வெச்சு, ஆணிக்கு ஆணி டேப்ல அளந்து தேதி நேரத்தோட நோட்ல எழுதுங்க, காலைல ஒண்ணு சாயங்காலம் ஒண்ணு. மழை பெய்ஞ்சா ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவ. மூணு நாள் அதே அளவா இருந்தா ஆள் கூட்டிட்டு வந்து நிதானமா பாக்கலாம். நாளுக்கு நாள் அளவு கூடுது, கூடுற வேகமும் ஏறுதுன்னா நோட்டை மட்டும் எடுத்துக்கிட்டு வெளிய வந்து வட்டாட்சியர் ஆபீஸுக்கு போன் பண்ணுங்க, அந்த நோட்டுதான் எங்களுக்கு முதல்ல வேணும்.